தூளியும் ஒரு சொல்லும்

குழந்தையைப் பாடுவதற்கென்றே தமிழில் ஓர் இலக்கிய வகை உண்டு. பிள்ளைத்தமிழ் என்பது அதன் பெயர். காப்பு முதலாகப் பத்துப் பருவங்கள். மூன்றாம் திங்கள் முதல் இருபத்தொன்றாம் திங்கள் வரை என்று பொதுவாகக் கணக்கிடுவர். இந்தக் கணக்கை நான் பல்லாண்டுக் காலம் மாணவர்களுக்குக் கற்பித்திருக்கிறேன். கரும்பலகையில் வரிசையாக எழுதிப் போட்டிருக்கிறேன். ஆயினும் அதில் ஓர் இடைவெளி இருப்பது என் கண்ணில் பட்டதே இல்லை. பிறந்த நாளுக்கும் மூன்றாம் திங்களுக்கும் இடையில் குழந்தை எங்கே இருந்தது? தலை நிற்காத, முகம் பார்த்துச் சிரிக்காத, இரவு பகல் அறியாத அந்த முதல் வாரங்களைப் புலவர் ஏன் பாடவில்லை?

காரணம் எதுவாயினும் ஆகுக. அந்த வாரங்களில் பாடுவதற்கு எவருக்கும் நேரமில்லை என்பதை நான் தாத்தா ஆன பிறகே உணர்ந்தேன். அவை தாய்மாருக்கும் பாட்டிமாருக்கும் மருத்துவச்சிகளுக்கும் உரிய நாட்கள். அச்சத்துக்கும் விழிப்புக்கும் உரிய நாட்கள். அத்தகைய நாட்கள் சிலவற்றில் எங்கள் வீட்டில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன். அதில் பிழை செய்தவன் நான். தமிழாசிரியர்களும் மாணவர்களும் படிக்கும் நூலில் அதை எழுதுவதற்குக் காரணமும் உண்டு. நான் செய்த பிழை ஒரு சொல்லில் செய்த பிழை.

2023ஆம் ஆண்டு, பள்ளி விடுமுறையை ஒட்டிய ஒரு நாளில், என் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது நம் வழக்கம். மாப்பிள்ளையின் வீடு பிரிக்பீல்ட்ஸில். எங்கள் வீடு கிள்ளானில். மகள் ஏழாம் மாதமே வந்துவிட்டாள். என் துணைவியார் ஜாலான் தெங்கு கிளானாவிலுள்ள கடைகளுக்குப் பலமுறை சென்று, சுக்கும் மிளகும் திப்பிலியும் பூண்டும் பனைவெல்லமும் நல்லெண்ணெயும் வாங்கிச் சேர்த்தார். பேறுகால மருந்து இடிக்கும் ஓசை எங்கள் வீட்டில் இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் கேட்டது. சம்பந்தியம்மாள் பிரிக்பீல்ட்ஸிலிருந்து வசம்பு வளையலும் கருகமணியும் கொண்டுவந்தார்.

வீட்டுக்குக் குழந்தை வரும் முன்பே கருத்து வேறுபாடுகள் வந்துவிட்டன. சம்பந்தியம்மாள் நாவில் தேன் தொட்டு வைக்க வேண்டும் என்றார். ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் ஆகாது என்று மருத்துவமனையில் சொல்லியிருப்பதாக மகள் கூறினாள். தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர், முதிராத குடலில் நஞ்சை உண்டாக்கக்கூடும் என்பது மருத்துவர் கூற்று. "நாங்களெல்லாம் தேன் நக்கித்தானே வளர்ந்தோம்?" என்றார் சம்பந்தியம்மாள். நான் நடுவர் இருக்கையில் அமர்ந்துகொண்டேன். தலைமையாசிரியர் என்றால் வீட்டிலும் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று மற்றவர்கள் எதிர்பார்ப்பர். நாளடைவில் நாமும் அதை நம்பத் தொடங்கிவிடுவோம். "மருத்துவர் சொன்னதே முடிவு" என்று தீர்ப்பளித்தேன். அந்தத் தீர்ப்பு சரியானதே. ஆனால் அது எனக்கு ஒரு செருக்கைத் தந்தது. பழைமைக்கும் புதுமைக்கும் இடையில் நின்று, ஒன்றன் மொழியை மற்றொன்றுக்கு எடுத்துரைக்க வல்லவன் நான் என்று எண்ணிக்கொண்டேன்.

குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடி இரத்தத்தை எடுத்துச் சோதிப்பது நம் நாட்டு மருத்துவமனைகளில் பல ஆண்டுகளாக உள்ள நடைமுறை. அச்சோதனையில் எங்கள் பேரனுக்கு ஜி6பிடி குறைபாடு இருப்பது தெரியவந்தது. குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டிஹைட்ரஜனேஸ் என்பது அதன் முழுப்பெயர். அது சிவப்பணுக்களுக்குள் இருந்து அவற்றைச் சிதையாமல் காக்கும் ஒரு நொதி. அது குறைவாக உள்ளவர் பெரும்பாலும் எந்தத் துன்பமும் இன்றி வாழ்ந்துவிடுவர். ஆனால் சில பொருள்கள் உடலுக்குள் சென்றால் அவர்களுடைய சிவப்பணுக்கள் விரைந்து சிதையும். சிதைந்த அணுக்களிலிருந்து பிலிரூபின் என்னும் மஞ்சள் நிறப்பொருள் உண்டாகும். பெரியவரின் ஈரல் அதை ஒருவாறு அகற்றிவிடும். பச்சிளங் குழந்தையின் ஈரலோ இன்னும் முதிராதது. மஞ்சள் மிகுந்து மூளையில் படிந்துவிட்டால் செவிப்புலன் போகலாம், கைகால் இயக்கம் கெடலாம், உயிரே போகலாம்.

குறைபாடு உள்ள குழந்தையைச் சில நாள் மருத்துவமனையிலேயே வைத்துப் பார்ப்பர். எங்கள் பேரனையும் அவ்வாறே வைத்துப் பார்த்து, மஞ்சள் மிகவில்லை என்று உறுதி செய்து, ஐந்தாம் நாள் அனுப்பினர். கையில் ஓர் அட்டையும் தந்தனர். குழந்தைக்கு ஆகாத பொருள்களின் பட்டியல் அதில் மலாய் மொழியில் இருந்தது.

மகள் களைத்திருந்தாள். "அப்பா, அம்மாவுக்கு இதை வாசித்துச் சொல்லிவிடுங்கள்" என்று அட்டையை என்னிடம் தந்துவிட்டு உறங்கப் போனாள். நான் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கூடத்தில் அமர்ந்து, ஒவ்வொரு வரியாக வாசித்துத் தமிழில் சொன்னேன். துணைவியாரும் சம்பந்தியம்மாளும் கேட்டனர். சிலவகை அவரைக் கொட்டைகள். சில மூலிகை மருந்துகள். மருத்துவரைக் கேளாமல் கொடுக்கலாகாத சில மாத்திரைகள். அதன்பின் 'உபாட் கெகாட்' என்று ஒரு சொல் வந்தது.

உபாட் என்றால் மருந்து. அது எல்லாருக்கும் தெரியும். கெகாட் என்றால் என்ன? எனக்கு அது உறுதியாகத் தெரியாது. ஏதோ ஒரு பூச்சி என்ற அளவில் மங்கலான நினைவு இருந்தது. முப்பது ஆண்டுகளாக மலாய்மொழிச் சுற்றறிக்கைகளை வாசிப்பவன் நான், அறிக்கைகள் எழுதுபவன், கூட்டங்களில் பேசுபவன். அலுவலகத்து மலாய் எனக்கு நன்றாகத் தெரியும். அலமாரிக்குள் இருக்கும் மலாய் எனக்குத் தெரியாது. ஆனால் எதிரில் இருவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தனர். ஒரு கணம்கூட நான் தயங்கவில்லை. "பூச்சி மருந்து" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.

என் துணைவியார் அன்றே செயலில் இறங்கினார். கொசுவிரட்டிச் சுருள்கள் போயின. கரப்பான் பூச்சிக்குத் தெளிக்கும் குப்பி போயிற்று. எறும்புக்கு இடும் பொடி போயிற்று. பூச்சி மருந்து என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் என்னென்ன பொருளோ, அவை அனைத்தும் ஒரு பையில் கட்டப்பட்டு வாசலுக்கு வெளியே சென்றன. சொன்னதை இவ்வளவு நேர்மையாகப் பின்பற்றும் மாணவர் எனக்குப் பள்ளியில் கிடைத்ததில்லை. பிழை மாணவரிடம் இல்லை.

குழந்தை வந்த பின்பு வீட்டில் இரவு என்பதே இல்லாமல் போயிற்று. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பால்; பாலுக்குப் பின் தோளில் சாய்த்துத் தட்டுதல்; பின் துணி மாற்றுதல்; பின் உறங்கவைக்கும் போராட்டம். ஏழு நாள் மகப்பேற்று விடுப்பு முடிந்து மாப்பிள்ளை வேலைக்குத் திரும்பிவிட்டார். மகளுக்குப் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் கண்டது. துணைவியார் பகலெல்லாம் பத்தியச் சமையலும் எண்ணெய்க் குளியலுமாக அலைந்து, இரவில் அமர்ந்தபடியே உறங்கினார். பெரிய பள்ளியொன்றை நடத்துபவன் என்ற பெயர் எனக்கு. மூன்று கிலோ எடையுள்ள ஓர் உயிரின் அழுகையை நிறுத்த எனக்கு வழி தெரியவில்லை.

தொட்டிலிடும் சடங்கைப் பதினாறாம் நாளுக்கு வைத்திருந்தோம். எட்டாம் நாள் இரவு, குழந்தை அழுகையை நிறுத்தவே இல்லை. நள்ளிரவு கடந்தபின், "தூளியாவது கட்டுங்களேன், பிள்ளை கண்ணயரட்டும்" என்றார் துணைவியார். தூளிக்கு எந்தத் துணி என்பதில் எனக்கு ஐயமே இல்லை. என் தாயாரின் தகரப் பெட்டியைத் திறந்தேன்.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் தாயார் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடியுமுன் எங்களை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு காட்டுக்குப் போனவர். அவர் மறைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அவருடைய நூற்புடவை ஒன்று அந்தப் பெட்டியில் இருந்தது. நான் அந்தப் புடவையில் உறங்கியவன். என் மகளும் அதில் உறங்கியவள். பெட்டியைத் திறந்ததும் எழுந்த வாசனையை நான் ஆழ இழுத்தேன். அது எனக்குத் தீய வாசனையாகத் தோன்றவில்லை. அம்மாவின் பெட்டி வாசனை என்றே தோன்றியது. சின்னஞ்சிறு வயதிலிருந்து அந்த வாசனைக்கு என் மனத்தில் இருந்த பெயர் அம்மா என்பதுதான்.

கூடத்திலிருந்த இரும்புச் சுருளில் புடவையைக் கட்டினேன். உடல் முழுதும் எண்ணெய் தடவிய குழந்தையை அதில் இட்டேன். ஆட்டினேன். சிறிது நேரத்தில் அழுகை அடங்கியது. எனக்கு அன்றிரவு ஏற்பட்ட பெருமிதத்தை இப்போது நினைத்தாலும் உடல் கூசுகிறது.

மறுநாள் முழுவதும் குழந்தை உறங்கியது. "அப்பாடா, பிள்ளை தெளிந்துவிட்டான்" என்று மகிழ்ந்தோம். பால் குடிக்கவும் எழவில்லை; நல்ல உறக்கம் என்று எண்ணினோம். துணியில் சிறுநீர் சற்றுக் கருத்து இருந்ததைத் துணைவியார் கண்டார். வெயில் கடுமை என்று நினைத்தார்.

பத்தாம் நாள் காலை, வட்டாரச் சுகாதார நிலையத்தின் தாதி வந்தார். மகப்பேற்றுக்குப் பின் குறிப்பிட்ட நாட்களில் அவர்கள் வீடு தேடி வருவர். வந்தவர் ஓர் இளம் மலாய்ப் பெண். வயது என் மகளின் வயதுதான் இருக்கும். என்னைச் 'சிக்கு' என்று அழைத்தார். ஆசிரியரை அவ்வாறு அழைப்பது மலாய் மரபு. வாசற்படி ஏறிக் கூடத்துக்குள் நுழைந்தவர், அப்படியே நின்றார். மூச்சை ஒருமுறை இழுத்தார். எங்களிடம் நலம் விசாரிக்கவில்லை. நேரே தூளிக்குச் சென்று குழந்தையைத் தூக்கிச் சன்னல் ஓரம் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். நெற்றியை விரலால் அழுத்தி எடுத்துப் பார்த்தார், பின் நெஞ்சு, பின் உள்ளங்கால். கண்ணிமையை விலக்கிப் பார்த்தார். நம்மைப் போன்ற மாநிற உடலில் மஞ்சள் எளிதில் தெரியாது. இவ்வாறு அழுத்திப் பார்க்க வேண்டும் என்பதை நான் பின்னர் அறிந்தேன். உள்ளங்கால்வரை மஞ்சள் இறங்கியிருந்தது.

"சிக்கு, இந்தத் துணி எங்கே இருந்தது?" என்று கேட்டார்.

"என் தாயாரின் பெட்டியில்" என்றேன்.

"அதில் உபாட் கெகாட் போட்டிருந்தீர்களா?"

"இல்லை, இல்லை. அதையெல்லாம் முதல் நாளே வீட்டைவிட்டு அகற்றிவிட்டோம்" என்று உறுதியாகச் சொன்னேன்.

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு கட்டை விரலையும் சுட்டு விரலையும் சேர்த்து, ஒரு கோலிக் குண்டின் அளவைக் காட்டினார். "வெள்ளையாக, உருண்டையாக, துணிகளுக்கு நடுவில் வைப்பது" என்றார்.

என் துணைவியார் உள்ளே ஓடினார். தகரப் பெட்டியின் மூலைகளிலிருந்து ஐந்தாறு வெள்ளை உருண்டைகளை அள்ளிக்கொண்டு வந்தார். கரைந்து கரைந்து பட்டாணி அளவுக்குச் சிறுத்திருந்தன. அந்துருண்டைகள். எங்கள் வீட்டில் அவற்றைப் பூச்சி உருண்டை என்போம். ஒருநாளும் பூச்சி மருந்து என்று சொன்னதில்லை.

தாதி கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதற்கு நேரமில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. குழந்தையின் உடலை நன்றாகக் கழுவித் துடைத்து, வேறு துணியில் சுற்றச் செய்தார். தொலைபேசியில் மருத்துவமனைக்குச் செய்தி சொன்னார். அரை மணி நேரத்தில் நாங்கள் அவசரப் பிரிவில் இருந்தோம்.

அந்துருண்டையில் இருப்பது நாப்தலின் என்னும் பொருள். அது உருகாமலே ஆவியாகித் துணியின் இழைகளில் ஏறிக்கொள்ளும். மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உடலுக்குள் புகும். எண்ணெய் தடவிய தோலில் இன்னும் எளிதாகப் புகும். ஜி6பிடி குறைபாடு உடைய குழந்தையின் சிவப்பணுக்களை அது சிதைத்துவிடும். கருத்த சிறுநீர் சிதைந்த இரத்தத்தின் அடையாளம். நாங்கள் நல்லுறக்கம் என்று மகிழ்ந்தது, மஞ்சள் மிகுந்ததால் வந்த சோர்வு. இவற்றையெல்லாம் மருத்துவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். இரத்தத்தில் மஞ்சளின் அளவு இன்னும் ஏறினால், குழந்தையின் இரத்தத்தைச் சிறிது சிறிதாக எடுத்துவிட்டு வேறு இரத்தம் செலுத்த நேரிடும் என்றார். பிரிக்பீல்ட்ஸிலிருந்து விரைந்து வந்த மாப்பிள்ளை ஒப்புதல் தாளில் கையெழுத்திட்டார். அவர் கை நடுங்கியது. நான் தலைகுனிந்து நின்றேன்.

அன்றிரவு குழந்தை நீல ஒளியின் கீழ்க் கிடந்தது. கண்களைத் துணியால் மூடியிருந்தனர். அந்த ஒளி தோலில் பட்டால், அங்குள்ள பிலிரூபின் உடலைவிட்டு எளிதில் வெளியேறக்கூடிய வடிவத்துக்கு மாறும். இந்த மருத்துவம் பிறந்த கதையைப் பின்னாளில் படித்தேன். இங்கிலாந்தின் எசெக்ஸ் வட்டாரத்தில் ராச்ஃபோர்டு மருத்துவமனை என்று ஒன்று. அங்கே ஜீன் வார்டு என்னும் தலைமைத் தாதி, பச்சிளங் குழந்தைகளை முற்றத்து வெயிலுக்குக் கொண்டுசெல்லும் வழக்கம் உடையவர். 1956இல் ஒரு நாள், மஞ்சள் கண்ட குழந்தை ஒன்றின் உடலில் வெயில் பட்ட இடம் வெளுத்தும், துணி மூடிய இடம் மஞ்சளாகவும் இருப்பதை மருத்துவர்களுக்குக் காட்டினார். அதிலிருந்து ஆராய்ச்சி வளர்ந்து, 1958இல் ஒளி மருத்துவம் பற்றிய கட்டுரை வெளிவந்தது. ஒரு தாதியின் கண் கண்டது அது. எங்கள் பேரனைக் காத்ததும் ஒரு தாதியின் மூக்கும் கண்ணும். ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும்: இக்கதையைக் கேட்டு, மஞ்சள் கண்ட குழந்தையை வீட்டிலேயே வெயிலில் காட்டினால் போதும் என்று எவரும் இருந்துவிடக் கூடாது. வெயிலின் அளவு நம் கையில் இல்லை; காலம் தாழ்த்துவதே பெருந்தீங்கு. இரத்தம் சோதிக்கப்பட வேண்டும்.

விடியற்காலையில் எடுத்த சோதனையில் அளவு சற்றுக் குறைந்திருந்தது. மாலையில் மேலும் குறைந்தது. இரத்த மாற்று தேவைப்படவில்லை. பதினைந்தாம் நாள் குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். பின்னர்ச் செய்த செவிப்புலன் சோதனையிலும் குறை எதுவும் இல்லை.

மருத்துவமனையில் அந்த முதலிரவு, மகளிடம் நான் நடந்ததைச் சொன்னேன். அவள் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "அப்பா, அந்தச் சொல் எனக்குத் தெரியும். என் அலமாரியில் அந்த உருண்டை இல்லை என்று பார்த்தும் வைத்தேன். நீங்கள் வாசித்துச் சொல்லிவிட்டீர்கள் என்பதால் மற்றதை நினைக்கவில்லை" என்றாள். அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். தேசியப் பள்ளியிலும் இடைநிலைப் பள்ளியிலும் தோழியரோடு பழகியவள் அவள். அலமாரியின் மலாய் அவளுக்கு இயல்பாக வந்திருக்கிறது. பக்கத்து அறையில் பத்து அடி தொலைவில் இருந்த ஒருவருக்குத் தெரிந்த சொல்லை, நான் தெரிந்தவனைப்போல மொழிபெயர்த்திருக்கிறேன். அவளை எழுப்பிக் கேட்டிருக்கலாம். கேட்டால் சிறுமை என்று எண்ணினேனா? அப்படிக்கூட எண்ணவில்லை. தெரியாது என்பதே எனக்குத் தெரியவில்லை. அதுதான் கொடுமை.

இக்குறைபாடு எவரிடமிருந்து வந்தது என்று மருத்துவர் விளக்கினார். ஆண் குழந்தைக்கு இது தாயிடமிருந்தே வரும். தாய்க்கு அவளுடைய தாயிடமிருந்தும் வரலாம், தந்தையிடமிருந்தும் வரலாம். நானும் துணைவியாரும் இரத்தம் கொடுத்தோம். குறைபாடு என்னிடம் இருந்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அதைச் சுமந்து திரிந்திருக்கிறேன், அறியவில்லை. அப்படியாயின் எனக்குத் தந்தவர் என் தாயார். அவர் எனக்குத் தந்ததை நான் மகளுக்குத் தந்தேன்; மகள் தன் மகனுக்குத் தந்தாள். அதே வழியில்தான் அந்தப் புடவையும் வந்தது.

இது தோன்றிய வரலாறும் நம் மண்ணோடு தொடர்புடையது. மலேரியா மிகுந்திருந்த நிலப்பகுதிகளிலேயே இக்குறைபாடு பெரிதும் காணப்படுகிறது; அந்நோயின் கொடுமையிலிருந்து இது ஓரளவு காத்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் கருத்து. இக்குறைபாட்டை அறிவியல் கண்டறிந்ததும் மலேரியா வழியாகத்தான். பிரைமாகுவின் என்னும் மலேரியா மருந்தை உண்ட சிலருக்கு மட்டும் இரத்தம் சிதைவது ஏன் என்று ஆராய்ந்தபோது, 1956இல் இந்த நொதியின் குறை வெளிப்பட்டது. நம் நாட்டில் சீனரிடமும் மலாய்க்காரரிடமும் இது சற்று மிகுதி, நம்மவரிடையே குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை.

நான் வாழும் கிள்ளான் நகரமே மலேரியாவோடு போராடி எழுந்த நகரம். 1901இல் இங்கு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்று ரொனால்டு ராஸ் 1897இல் கண்டறிந்த உண்மையை நம்பி, சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டச் செய்து நோயைக் குறைத்தார். அதே ஆண்டு திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகம், இன்றைய கிள்ளான் துறைமுகம், மலேரியாவால் முடங்கிப்போகாமல் நிலைத்ததும் அந்த வடிகால்களால்தான். அத்தகைய காடுகளுக்குத்தான் நம் முன்னோர் கூலிகளாக வந்தனர். அங்கே எவரையோ கொசுக்கடியிலிருந்து காத்திருக்கக்கூடிய ஒன்று, அந்துருண்டை மணக்கும் ஒரு பெட்டியின் முன் ஆபத்தாகிவிட்டது.

எனக்கு ஒரு தம்பி பிறந்தான். நான் மிகச் சிறியவன், முகம் நினைவில்லை. பிறந்த இரண்டாம் வாரம் மறைந்தான். "மஞ்சள் பூத்துப் போய்விட்டான்" என்று தாயார் சொல்வார். தோட்டத்தில் சிலர் செவ்வாப்பு என்றனர். சிலர் மாந்தம் என்றனர். சிலர் தோஷம் என்றனர். பெயர்கள் பல இருந்தன. பொருள் ஒன்றும் இல்லை. அவனுக்கும் இக்குறைபாடு இருந்ததா என்று இனி எவராலும் சொல்ல இயலாது. 1957இல் இத்தீபகற்பத்தில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 70க்கும் மேற்பட்டவை ஓராண்டு நிறையுமுன்பே மறைந்தன. இன்று அந்த எண் 10க்கும் கீழே இறங்கிவிட்டது. இடையில் நிகழ்ந்தது என்ன? சோதனைகள் வந்தன, தாதியர் வந்தனர், அட்டைகள் வந்தன. என் தாயாருக்கு அட்டை இல்லை, சொல்வாரும் இல்லை. எனக்கு அட்டை இருந்தது, எழுத்து தெரிந்திருந்தது, இரண்டு மொழிகள் தெரிந்திருந்தன. அப்படியிருந்தும் அறிவு அட்டையிலிருந்து தூளிவரை வந்து சேரவில்லை. நடுவில் நான் நின்றிருந்தேன்.

வீட்டுக்கு வந்தபின் காமுஸ் டேவான் அகராதியை எடுத்துப் பார்த்தேன். கெகாட் என்றால் துணியையும் தாளையும் அரிக்கும் பூச்சி. தமிழில் இதற்கு ஒரு சொல் இல்லையா? இருக்கிறது. அந்து. மூன்றே எழுத்தில் முடியும் வேர். அதிலிருந்துதான் அந்துருண்டை என்ற சொல் பிறந்தது. நான் மட்டும் அந்த இடத்தில் 'அந்து மருந்து' என்று சொல்லியிருந்தால், என் துணைவியார் நேரே பெட்டியைத் திறந்திருப்பார். நம் வீடுகளில் அந்தும் செல்லும் பாச்சையும் கரையானும் தத்தம் பெயரை இழந்து, எல்லாம் பூச்சி என்ற ஒரு பொதுச்சொல்லுக்குள் அடங்கிவிட்டன. சொல் ஒன்று வழக்கொழிந்தால் இலக்கியத்துக்கு இழப்பு என்று மேடைகளில் பேசியிருக்கிறேன். ஒரு குழந்தைக்கு இழப்பாகக்கூடும் என்று நினைத்ததில்லை.

அந்தப் பட்டியலைப் பிறகு நான் தமிழில் எழுதினேன். இம்முறை ஐயமான ஒவ்வொரு சொல்லையும் அத்தாதியிடம் கேட்டேன், மகளிடம் காட்டினேன், துணைவியாரிடம் வாசித்து, "இதைக் கேட்டால் எந்தப் பொருளை எடுத்து வெளியே போடுவீர்கள்?" என்று வினவினேன். பொருளைச் சரியாகச் சுட்டிக்காட்டிய பின்பே சொல்லை எழுதினேன். மொழிபெயர்ப்புக்கு இதைவிடச் சிறந்த தேர்வு எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் எனக்கு வைக்கப்படவில்லை. அந்தத் தாளைப் படியெடுத்துப் பள்ளிப் பெற்றோருக்கும் அண்டை வீட்டாருக்கும் தந்தேன்.

தாயாரின் புடவையைப் பலமுறை துவைத்துப் பலநாள் வெயிலில் காயவைத்தோம். ஆயினும் குழந்தைக்கு அதைக் கட்டவில்லை. முப்பதாம் நாள் தொட்டிலிட்டபோது துணைவியாரின் வேறொரு நூற்புடவையைக் கட்டினோம். சம்பந்தியம்மாள் அதை முகர்ந்து பார்த்துத் தலையசைத்த பிறகே குழந்தையை இட்டோம். அன்று அழைப்பின் பேரில் அத்தாதியும் வந்திருந்தார். அவர் கையால் ஒருமுறை ஆட்டச் சொன்னோம்.

இப்போது வகுப்பறையில் மாணவர் எவரேனும் ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டால், எனக்கு உறுதியில்லாதபோது, "தெரியவில்லை; அகராதியைக் கொண்டு வா, இருவரும் பார்ப்போம்" என்று சொல்கிறேன். தலைமையாசிரியருக்கும் தெரியாதா என்று சில பிள்ளைகள் முதலில் வியந்தனர். இப்பொழுது பழகிவிட்டனர். ஒருநாள் ஒரு சிறுவன் தானாகவே எழுந்து, "ஐயா, எனக்கும் தெரியவில்லை" என்று சொல்லிவிட்டு அகராதியை எடுத்து வந்தான். நான் அவனுக்கு அருகில் அமர்ந்து பக்கத்தைப் புரட்டினேன்.